அரெஸ்ட், டிடென்ஷன், கன்விக்‌ஷன்... எல்லாம் ஒன்றா? அரசு வேலைப் படிவத்தில் குழப்பும் ஆங்கிலச் சொற்களின் வித்தியாசம் என்ன?

எழுத்துத் தேர்வில் பாஸ். உடல்தகுதித் தேர்வும் முடிந்தது. சான்றிதழ் சரிபார்ப்பும் ஓகே. இனி ஆர்டர் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி என்று வீட்டில் எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில் ஒரு படிவம் வரும். மத்திய அரசுப் பணிகளில் அதற்கு அட்டஸ்டேஷன் ஃபார்ம் என்று பெயர்.

பெயர், முகவரி, படித்த பள்ளி, அப்பாவின் ஊர் என்று சாதாரணமாகப் போகும் அந்தப் படிவத்தில், ஓர் இடத்தில் வரிசையாகச் சில கேள்விகள் இருக்கும். நீங்கள் எப்போதாவது அரெஸ்ட் செய்யப்பட்டீர்களா? ப்ராசிக்யூட் செய்யப்பட்டீர்களா? டிடென்ஷனில் வைக்கப்பட்டீர்களா? பவுண்ட் டவுன் செய்யப்பட்டீர்களா? நீதிமன்றத்தால் ஃபைன் விதிக்கப்பட்டதா? கன்விக்ட் செய்யப்பட்டீர்களா? உங்கள் மீது வழக்கு ஏதும் பெண்டிங்கில் உள்ளதா?

பார்க்க எல்லாம் ஒரே கேள்வி போலத்தான் இருக்கும். "போலீஸ் கேஸ் இருக்கா, இல்லையா? அவ்வளவுதானே" என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே கேள்வியை ஏழு விதமாகக் கேட்கவில்லை. ஏழும் ஏழு வேறு கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்றும் அடுத்ததற்கு 'இல்லை' என்றும் பதில் வரலாம். தவறான தகவல் கொடுத்தாலோ, தகவலை மறைத்தாலோ தகுதியிழப்பு ஏற்படும் என்ற எச்சரிக்கையும் அதே படிவத்தில் இருக்கிறது.

நாளிதழிலும் டிவியிலும் தினமும் வரும் சொற்கள்தான் இவை. ஆனால் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பொருள், வேறு சொல்... இது எப்படி?

முதலில் தமிழிலேயே ஓர் உதாரணம். இறந்தார், செத்தார், காலமானார், இயற்கை எய்தினார். நான்கும் சொல்வது ஒரே செய்தியைத்தான். ஆனால் துக்க வீட்டுக்குப் போய் "எப்போ செத்தாரு?" என்று யாரும் கேட்பதில்லை. இங்கே மாறுவது தகவல் அல்ல, மரியாதை.

இன்னொரு வகை இருக்கிறது. திருட்டு, வழிப்பறி, கொள்ளை. மூன்றிலும் பொருள் பறிபோகிறது. ஆனால் மரியாதைக்காக யாரும் இந்தச் சொற்களை மாற்றிப் போடுவதில்லை. ஆளில்லாத நேரத்தில் எடுத்தால் திருட்டு, ரோட்டில் மறித்துப் பறித்தால் வழிப்பறி, கும்பலாக வந்து அள்ளிக்கொண்டு போனால் கொள்ளை. இங்கே சொல் மாறினால் நடந்த சம்பவமே மாறிவிடும்.

ஆங்கிலத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு. சீப் என்றாலும் இன்எக்ஸ்பென்சிவ் என்றாலும் விலை குறைவுதான். முன்னதில் தரமும் குறைவு என்ற ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது முதல் வகை. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு முக்கியமானது. ஹிஸ்டாரிகல் என்றால் வரலாறு தொடர்பானது, அவ்வளவுதான். இது இரண்டாவது வகை.

சட்டச் சொற்கள் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. தெஃப்ட், ராபரி, டகாய்ட்டி ஆகியவையே இதற்கு நல்ல உதாரணம். பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 303-வது பிரிவு தெஃப்ட் பற்றியது. அதோடு வன்முறையோ, உடனடி வன்முறை பற்றிய அச்சமோ சேர்ந்தால் 309-வது பிரிவின் ராபரி. அந்த ராபரியில் 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஈடுபட்டால் 310-வது பிரிவின் டகாய்ட்டி. நான்கு பேர் என்றால் ராபரி, ஐந்து பேர் என்றால் டகாய்ட்டி. ஒரு ஆள் கூடினால் சொல்லும் மாறுகிறது, தண்டனையும் மாறுகிறது.

இந்தக் கண்ணோட்டத்தோடு படிவத்துக்கு வருவோம்.

அரெஸ்ட் - டிடென்ஷன்: என்ன வித்தியாசம்?

இரண்டிலும் ஒருவரால் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாது. அதனால்தான் இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது.

அரெஸ்ட் என்பது பொதுவாக நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு குற்றத்துக்காகச் சட்டப்படி செய்யப்படும் கைது. அரசியலமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு இதற்குப் பாதுகாப்பு தருகிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும்.

டிடென்ஷன் என்பது அதைவிட அகலமான சொல். ஒருவரைத் தடுத்து வைத்திருக்கும் நிலை எதுவானாலும் டிடென்ஷன்தான். அதில் ஒரு முக்கியமான வகை, ப்ரிவென்டிவ் டிடென்ஷன் எனப்படும் தடுப்புக்காவல். இது நடந்த குற்றத்துக்கான தண்டனை அல்ல. இனி நடக்கக்கூடும் என்று அரசு கருதுவதைத் தடுப்பதற்கானது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம் இந்த வகைதான்.

தடுப்புக்காவலில் 24 மணி நேர விதி பொருந்தாது. 3 மாதங்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் அறிவுரைக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். காவலுக்கான காரணங்களைத் தெரிவித்து, அதை எதிர்த்து முறையிட வாய்ப்பளிக்க வேண்டும். ஆக, "அவரை அரெஸ்ட் பண்ணிட்டாங்க" என்பதற்கும் "அவரை குண்டாஸ்ல போட்டுட்டாங்க" என்பதற்கும் இடையே, குடும்பத்தினர் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதே மாறிப்போகிறது. முன்னதற்கு ஜாமீன் மனு. பின்னதற்கு அறிவுரைக் குழுமமும், உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும்.

மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டால் அது என்ன?

தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பது இது. மறியல் அல்லது ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டவர்களை வேனில் ஏற்றி, ஒரு திருமண மண்டபத்தில் தங்கவைத்து, சாப்பாடு கொடுத்து, மாலையில் விட்டுவிடுவார்கள். மறுநாள் செய்தியில் "கைது செய்யப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டனர்" என்று வரும்.

போய்விட்டு வந்த மாணவரைக் கேட்டால், "சும்மா உட்கார வச்சிருந்தாங்க, கேஸ் எல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார். இருக்கலாம். ஆனால் மாலையில் விட்டதனாலேயே வழக்கு பதியப்படவில்லை என்று அர்த்தமில்லை. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது போன்ற பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர் போடப்பட்டிருக்கலாம். ஆண்டுகள் கழித்து வேலைக்கான காவல்துறை சரிபார்ப்பில்தான் அது தெரியவரும்.

எனவே படிவத்தை நிரப்பும் முன், அந்தத் தேதியில் அந்தக் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்களை இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுள்ளது. காவல்துறை இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர், எஃப்.ஐ.ஆர், சார்ஜ் ஷீட்: எது 'கேஸ்'?

பேச்சு வழக்கில் எல்லாமே கேஸ்தான். "ஸ்டேஷன்ல கேஸ் குடுத்துட்டான்" என்று சொல்வோம். ஆனால் இவை படிப்படியானவை.

காவல் நிலையத்தில் கொடுப்பது கம்ப்ளெயிண்ட், அதாவது புகார். அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான் தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். அது வழக்குப் பதிவு அல்ல.

எஃப்.ஐ.ஆர் என்பது முதல் தகவல் அறிக்கை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். விசாரணை தொடங்குகிறது என்பதுதான் அதன் பொருள்.

விசாரணை முடிந்து ஆதாரம் இருப்பதாகக் காவல்துறை கருதினால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. வழக்கு நீதிமன்றத்தில் நடத்தப்படும் அந்தக் கட்டத்தைத்தான் ப்ராசிக்யூஷன் என்ற சொல் குறிக்கிறது.

ஒருவர் மீது எஃப்.ஐ.ஆர் பதிவாகி, 7 ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால் கைது செய்யாமல் நோட்டீஸ் மட்டும் கொடுத்து விசாரித்திருக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது. பின்னர் குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு 'அரெஸ்ட்' கேள்விக்குப் பதில் 'இல்லை'. 'ப்ராசிக்யூட்', 'பெண்டிங்' கேள்விகளுக்குப் பதில் 'ஆம்'. "நான்தான் அரெஸ்ட் ஆகலையே" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டால் அது தவறான தகவல் ஆகிவிடும்.

பவுண்ட் டவுன் என்றால் என்ன?

படிவத்தில் பலருக்கும் புரியாத சொல் இதுதான். அகராதியில் பவுண்ட் என்று தேடினால் 'கட்டப்பட்ட' என்று வரும். கையைக் கட்டி வைத்தார்களா என்று கேட்பது போல இருக்கும்.

உண்மையில் இது ஊர்த் திருவிழாத் தகராறு, வரப்புச் சண்டை, தேர்தல் நேரத்து முன்னெச்சரிக்கை நடவடிக்கை போன்றவற்றில் அடிக்கடி வருவது. அமைதியைக் குலைக்க மாட்டேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று நிர்வாக நடுவர் முன் பத்திரம் எழுதிக் கொடுக்க வைப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107-வது பிரிவு என்பதால் "நூத்தி ஏழு போட்டிருக்காங்க" என்று சொல்வார்கள். புதிய சட்டத்தில் அது 126-வது பிரிவு.

இது தண்டனை அல்ல. குற்றம் நிரூபிக்கப்பட்டதாகவும் அர்த்தமில்லை. ஆனால் "ஆர்.டி.ஓ ஆபீஸ்ல ஏதோ கையெழுத்து வாங்கினாங்க" என்று மறந்துபோன அந்த விஷயத்தைத்தான் படிவம் இந்தச் சொல்லால் கேட்கிறது.

ஃபைன் - பெனால்டி

தமிழில் இரண்டுக்கும் அபராதம் என்றே சொல்கிறோம். லைப்ரரியில் புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் கட்டுவதும் ஃபைன்தான், நீதிமன்றம் விதிப்பதும் ஃபைன்தான்.

சட்ட வழக்கில் ஃபைன் என்பது பெரும்பாலும் குற்றத்துக்கான தண்டனையாக நீதிமன்றம் விதிக்கும் தொகை. பெனால்டி என்பது விதிமீறலுக்காக வருமான வரித்துறை, மின்வாரியம், வங்கி என எந்த அமைப்பும் விதிக்கக்கூடிய தொகையைச் சேர்த்துக் குறிக்கும் அகலமான சொல்.

படிவத்தில் கேள்வி வெறும் ஃபைன் என்று நிற்கவில்லை, 'நீதிமன்றத்தால்' என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. அந்த ஒரு சொல்தான் பதிலைத் தீர்மானிக்கிறது. ஹெல்மெட் போடாமல் போய் சாலையிலேயே செலான் கட்டியதும், நீதிமன்றத்தில் ஆஜராகி மாஜிஸ்திரேட் விதித்த அபராதத்தைக் கட்டியதும் ஒன்றல்ல.

அக்யூஸ்ட் - கன்விக்ட்: செய்திகளில் அதிகம் குழம்புவது

சஸ்பெக்ட் என்றால் சந்தேகத்துக்குரியவர். அக்யூஸ்ட் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அண்டர்ட்ரயல் என்றால் வழக்கு முடியாத நிலையில் சிறையில் இருக்கும் விசாரணைக் கைதி. கன்விக்ட் என்றால் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தவர்.

இந்த நான்கு பேரையும் தமிழில் "குற்றவாளி" என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுவதைப் பார்க்கலாம். "குற்றவாளி கைது" என்று தலைப்பு வரும்போது, வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் தண்டனை பெற்றவர்கள் என்று நினைப்பதும் தவறு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டு சிறைத் தரவுகளின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள்தான்.

அதனால் படிவத்தில் கன்விக்ட் என்ற கேள்விக்கு, தீர்ப்பு வந்து குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே 'ஆம்'. சிறையில் சில வாரங்கள் இருந்து ஜாமீனில் வந்து, வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் அது கன்விக்‌ஷன் ஆகாது. ஆனால் அரெஸ்ட், பெண்டிங் இரண்டும் 'ஆம்'.

'விடுதலை' என்ற ஒரு சொல்... ஆங்கிலத்தில் எத்தனை?

இந்தப் பட்டியலிலேயே அதிகம் சிக்கலானது தமிழின் 'விடுதலை'தான். ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் இருக்கும் பல நிலைகளுக்கு நாம் இந்த ஒரே சொல்லைப் போடுகிறோம்.

பெயில்: பிணை அல்லது ஜாமீன். வழக்கு முடியவில்லை. வெளியே இருந்தபடி வழக்கை எதிர்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். தண்டனைக்குப் பிறகு மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் ஜாமீன் கிடைக்கலாம்.

பரோல்: தண்டனை பெற்ற கைதி குறிப்பிட்ட காலத்துக்கு வெளியே வந்து திரும்புவது. தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதை அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்ற பெயரில் சொல்கின்றன.

டிஸ்சார்ஜ்: குற்றச்சாட்டு வனையப்படுவதற்கு முன்பே, வழக்கை நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் விடுவிப்பது. சாட்சி விசாரணையே நடந்திருக்காது.

அக்விட்டல்: முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளிப்பது. இதற்கும் டிஸ்சார்ஜுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். அக்விட்டல் தீர்ப்பு நிலைத்திருக்கும் வரை அதே குற்றத்துக்காக அவரை மறுபடி விசாரிக்க முடியாது. டிஸ்சார்ஜ் அந்தப் பாதுகாப்பைத் தராது என்று சட்டமே சொல்கிறது.

க்வாஷ்: வழக்கையே உயர்நீதிமன்றம் ரத்து செய்வது.

கம்யூட்: தண்டனையின் வகையை மாற்றிக் குறைப்பது. மரண தண்டனை ஆயுள் தண்டனையாவது இப்படித்தான். ரெமிஷன்: வகை அப்படியே இருக்க, அனுபவிக்க வேண்டிய காலத்தைக் குறைப்பது. பார்டன்: மன்னிப்பு.

ரிலீஸ்: சிறைக் கதவுக்கு வெளியே வருவது. மேலே சொன்ன எந்தக் காரணத்தாலும் அது நடக்கலாம்.

இவற்றில் சில தமிழ்நாடு நன்கறிந்த ஒரு வழக்கிலேயே வந்திருக்கின்றன. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் கைதான பேரறிவாளனின் மரண தண்டனையை 1999-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2014 பிப்ரவரியில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது, இது கம்யூட். 2017-ல் அவர் தாயாரின் வேண்டுகோளைத் தொடர்ந்து வெளியே வந்தார்; இது பரோல். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது; இது பெயில். 2022 மே 18-ம் தேதி, அரசியலமைப்பின் 142-வது பிரிவின் கீழ் உள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது, இது ரிலீஸ். இது அக்விட்டல் அல்ல. அவர் மீதான குற்றத் தீர்ப்பை அந்த உத்தரவு நீக்கவில்லை.

இதற்கு மாறாக, 2017 டிசம்பர் 21-ம் தேதி 2ஜி அலைக்கற்றை வழக்கில் ஆ.ராசா, கனிமொழி உள்ளிட்டோரை டெல்லி சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது அக்விட்டல். அதை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்தது. இரண்டு செய்திக்கும் தமிழ்த் தலைப்பில் வந்த சொல் 'விடுதலை'தான்.

அக்விட்டலிலும் இரண்டு வகையா?

வேலை தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் இது. ஹானரபிள் அக்விட்டல் என்றும், பெனிஃபிட் ஆஃப் டவுட் அக்விட்டல் என்றும் பிரித்துச் சொல்வார்கள். குற்றச்சாட்டு துளியும் நிரூபிக்கப்படாமல் விடுதலை ஆவது முதலாவது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிப்பது இரண்டாவது.

ஹானரபிள் அக்விட்டல் என்ற சொல் குற்றவியல் சட்டங்களில் எங்கும் இல்லை, தீர்ப்புகள் வழியாக உருவானது என்று, தமிழ்நாடு காவல்துறை ஊழியர் ஒருவர் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுத் தரப்புச் சாட்சியங்களை முழுமையாகப் பரிசீலித்த பிறகும் குற்றத்தை நிரூபிக்க முடியாமல் போயிருந்தால் அதை அப்படி அழைக்கலாம் என்றும் விளக்கியது.

தமிழ்நாடு காவலர் பணி விதிகள் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே வைத்திருக்கின்றன. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்கிறது அந்த விதி. "கோர்ட்டே விடுதலை பண்ணிடுச்சே" என்று நம்பிப் போகும் இளைஞர், தீர்ப்பின் கடைசிப் பத்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

டிபார், ரஸ்டிகேட், சஸ்பெண்ட்

கல்லூரி, தேர்வு தொடர்பான கேள்வியும் படிவத்தில் உண்டு. டிபார் என்றால் குறிப்பிட்ட தேர்வையோ, குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்வுகளையோ எழுதத் தடை விதிப்பது. டிஸ்குவாலிஃபை என்றால் தகுதியிழப்பு. சஸ்பெண்ட் என்றால் விசாரணை முடியும் வரையோ சில நாட்களுக்கோ தற்காலிகமாக நிறுத்திவைப்பது. எக்ஸ்பெல் என்றால் நிரந்தர நீக்கம்.

ரஸ்டிகேட் சுவாரஸ்யமான சொல். லத்தீனில் கிராமப்புறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தவறு செய்த மாணவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு அனுப்பிவைப்பது என்ற பொருளில், குறிப்பிட்ட கால நீக்கத்தைக் குறித்தது. நம் ஊரில் நிரந்தர நீக்கத்துக்கும் அதையே சொல்கிறார்கள். அதனால் கல்லூரி கொடுத்த உத்தரவில் எவ்வளவு காலம் என்று இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றா?

படிவத்தின் எச்சரிக்கையிலும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஃபால்ஸ் இன்ஃபர்மேஷன் என்பது இல்லாததைச் சொல்வது, அல்லது இருப்பதை இல்லை என்பது. சப்ரஷன் என்பது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. ஒன்றில் பொய், மற்றதில் மௌனம். இரண்டுமே வேலையைப் பறிக்கலாம்.

இது தொடர்பாக 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் அமர்வு விரிவான வழிகாட்டுதல்களை வகுத்தது. அதன் சாரம் இதுதான்:

கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும்.

படிவத்தின் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கேட்கப்பட்டதைத்தான் சொல்லியாக வேண்டும்.

இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கு என்றால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் தன் விருப்புரிமையில் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையைச் சொல்லிவிட்டாலும் கட்டாயம் வேலை கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. பின்னணியைப் பரிசீலிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

இரண்டாவது வழிகாட்டுதல்தான் இந்தச் சொற்களுக்கு இவ்வளவு எடை கொடுக்கிறது. 'குறிப்பாகக் கேட்கப்பட்டது' எது என்பதைக் கேள்வியில் உள்ள அந்த ஒற்றைச் சொல்தானே முடிவு செய்கிறது?

எப்படிப் பிரித்தறிவது? 4 கேள்விகள் போதும்

ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தால், அகராதியில் தமிழ் அர்த்தத்தை மட்டும் பார்ப்பது உதவாது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பதிலாக இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம்.

1. யார் செய்வது? கைது செய்வது காவல்துறை. தண்டிப்பது நீதிமன்றம். பத்திரம் எழுதி வாங்குவது நிர்வாக நடுவர். செய்கிறவர் மாறினால் சொல்லும் மாறும்.

2. எந்தக் கட்டத்தில்? டிஸ்சார்ஜ் விசாரணைக்கு முன்பு, அக்விட்டல் விசாரணைக்குப் பின்பு. பெயில் பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்பு, பரோல் எப்போதும் தீர்ப்புக்குப் பின்பு.

3. விளைவு என்ன? வழக்கு முடிந்ததா, தள்ளிப்போனதா? மறுபடி வருமா, வராதா?

4. பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது? 'நீதிமன்றத்தால்', 'எப்போதாவது', 'தற்போது' போன்ற சின்னச் சொற்கள்தான் கேள்வியின் எல்லையைக் காட்டும். 'எப்போதாவது' என்று இருந்தால் பத்து வருடத்துக்கு முந்தையதும் சேரும். முடிந்துபோன வழக்கும் சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், எஃப்.ஐ.ஆர் எண், தீர்ப்பு நகல் ஆகியவற்றோடு ஒரு வழக்கறிஞரிடம் படிவத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு நிரப்புவது நல்லது. வழக்கு எந்த நிலையில் முடிந்தது என்பதைத் தனித் தாளில் எழுதி, தீர்ப்பு நகலை இணைத்துக் கொடுக்கலாம். கொடுத்ததன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதும் அவசியம். நாளை "நீங்கள் சொல்லவில்லையே" என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.